நெல்வேலியில் சோறில்லாத தட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டைக் கறிக்கடைகளின் முன் நிற்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவது ஒன்றுதான்: "அண்ணாச்சி, கொழுப்பு இல்லாம தொடைக்கறியாப் பாத்துப் போடுங்க." 2010களின் நடுவில் அந்த வரிசையில் புதுக் குரல் ஒன்று சேர்ந்துகொண்டது. "கொழுப்ப வெட்டி எறிஞ்சிராதீய அண்ணாச்சி, கறியோட சேத்தே போடுங்க. ஈரலு, சுவரொட்டி இருந்தா அதயும் எடுத்து வைங்க." அப்படிக் கேட்பவர் பேலியோ உணவுமுறையில் இறங்கிவிட்டார் என்று கடைக்காரருக்கும் புரிந்துபோயிற்று.

நெல்லுக்கு வேலியிட்ட கதையைப் பெயரிலேயே சுமக்கும் ஊர் இது. கார், பிசானம் என்று இரண்டு போகம் விளையும் தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் சோற்றை ஒதுக்கிவைப்பது சின்ன விஷயமல்ல. மதியச் சாப்பாடு என்றாலே குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்ட கை அது.

தமிழில் இந்தப் பேலியோ அலையைக் கிளப்பியவர் நியாண்டர் செல்வன். அவருடைய 'பேலியோ டயட்' நூலைக் கிழக்கு பதிப்பகம் வெளியிட்டது. காலையில் நூறு பாதாம், மதியம் முட்டையோ பன்னீரும் காய்கறியுமோ, இரவு வயிறு நிறைய இறைச்சி. அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு எதுவும் கிடையாது. சைவக்காரர்களுக்கும் இதில் தனித் தட்டு உண்டு. இதே பாதையின் கடைசிப் படியில் காய்கறியையும் பாதாமையும்கூட விட்டுவிட்டு, இறைச்சி, மீன், முட்டை, உப்பு, தண்ணீர் என்று நிற்பவர்கள் இருக்கிறார்கள். மேலைநாடுகளில் அதற்குக் 'கார்னிவோர்' உணவு என்று பெயர்.

இப்படிச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்லும் அனுபவங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். முதல் வாரம் தலைவலியும் சோர்வும். பிறகு பசி அடங்குகிறது, தொப்பை இறங்குகிறது, வயிற்று உப்புசம் போகிறது, மதியத் தூக்கம் கண்ணைச் சுழற்றுவதில்லை, ரத்தச் சர்க்கரை இறங்குகிறது. இவற்றைப் பிரமை என்று தள்ளுவது தவறு. உடம்பில் நடந்தது நடந்ததுதான். ஆனால் அதற்குக் காரணம் எது என்பது தனிக் கேள்வி. உடம்பைத் தேற்றியது தட்டில் ஏறியதா, தட்டிலிருந்து இறங்கியதா?

இந்தக் கேள்விக்கு நூறு வயதாகப்போகிறது. வில்ஹ்யால்மர் ஸ்டெஃபான்சன் என்ற ஆர்க்டிக் பயணி 1906 முதல் வடதுருவப் பகுதியில் இன்யூட் மக்களோடு வாழ்ந்து, பல ஆண்டுகள் மீனும் இறைச்சியும் மட்டுமே தின்று திடமாக இருந்ததாக எழுதினார். மருத்துவர்கள் நம்பவில்லை. 1928இல் அவரும் அவருடைய பயணத் தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனும் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் சோதனைக்கு உட்பட்டார்கள். முதல் சில வாரங்கள் மருத்துவமனைக்குள்ளேயே கண்காணிப்பு; பிறகு வெளியே வாழ்ந்தபடி, ஓராண்டு முழுக்க இறைச்சி. செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் அமெரிக்க இறைச்சி வணிகர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முடிவுகள் 1930இல் வெளியாயின. இருவருக்கும் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வரவில்லை. ரத்த அழுத்தம் ஏறவில்லை. சிறுநீரகம் கெடவில்லை. அதே சமயம், ஓராண்டு கழித்துக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்துப் பார்த்தபோது அதைக் கையாளும் திறன் அவர்கள் உடம்பில் குறைந்திருந்தது. மாவுச்சத்தே வராத உடம்பு அதற்கான ஏற்பாட்டைச் சுருக்கிவைத்துக்கொள்கிறது. திரும்பவும் சாப்பிடத் தொடங்கினால் சில நாட்களில் பழைய நிலைக்கு வருகிறது. ஆறு மாதம் பேலியோவில் இருந்துவிட்டுக் கல்யாண வீட்டில் பிரியாணி தின்றவருக்குச் சர்க்கரை எகிறுவது பெரும்பாலும் இதனால்தான். குளுக்கோஸ் சோதனைக்கு முன் மூன்று நாட்களாவது வழக்கமான மாவுச்சத்து சாப்பிடச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

பெல்வியூ கதையில் திருநெல்வேலிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சோதனையின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய கறியை மட்டும் கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாட்களில் அவருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்தன. கொழுப்பைச் சேர்த்ததும் சரியாயிற்று. வட அமெரிக்கக் காட்டுவாசிகள் இதை 'முயல் பட்டினி' என்பார்கள்: கொழுப்பே இல்லாத முயல்கறியை வயிறு முட்டத் தின்றாலும் ஆள் இளைத்துச் சாவான். புரதத்தை எரிசக்தியாக்கும்போது மிஞ்சும் நைட்ரஜனை யூரியாவாக மாற்றி அனுப்புவது கல்லீரலின் வேலை. அதற்கு ஓர் எல்லை உண்டு. மொத்தக் கலோரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதத்திலிருந்தே எடுக்கப் பார்த்தால் அந்த எல்லையில் முட்டும். ஸ்டெஃபான்சன் அந்த ஆண்டு தின்றது பேச்சுக்கு இறைச்சி. கலோரிக் கணக்கில் பார்த்தால் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கொழுப்பு.

இப்போது நம் ஆட்டைப் பார்ப்போம். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் வட்டாரத்துக்கே உரிய கன்னி ஆடும் கொடி ஆடும் மேய்ச்சலில் ஓடி வளர்பவை. வெள்ளாட்டுக்கு இயல்பிலேயே கறிக்குள் கொழுப்பு படர்வதில்லை. குடலைச் சுற்றியும் குண்டிக்காயைச் சுற்றியும்தான் தங்கும். 100 கிராம் பச்சைக் கறியில் ஏறத்தாழ 20 கிராம் புரதம், 2 அல்லது 3 கிராம் கொழுப்பு, 110 கலோரி. வெறும் தொடைக்கறியிலேயே ஒரு நாளின் 2,000 கலோரியை எடுக்க வேண்டுமென்றால் 1.8 கிலோ தின்ன வேண்டும். புரதம் மட்டும் 360 கிராமைத் தாண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தேவை சுமார் 50 கிராம். ஆகவே கறிக்கடையில் கொழுப்பைக் கேட்டு வாங்கும் அந்தக் குரல் தெரிந்தோ தெரியாமலோ சரியான இடத்தில்தான் பேசுகிறது. பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறியை மட்டும் அவித்துத் தின்று நான்காம் நாள் மயங்கிக் கிடப்பவர், இறைச்சியுணவு தனக்கு ஒத்துவரவில்லை என்று நினைக்கிறார். அவருக்கு ஒத்துவராதது முயல் பட்டினி.

இன்னொரு சமையலறைச் சங்கதி. புது இறைச்சியில் வைட்டமின் சி கொஞ்சம் உண்டு. ஈரலில் கூடுதலாக உண்டு. ஆர்க்டிக் மக்கள் இறைச்சியைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றதால் அது தப்பியது. நம் வீட்டில் கறி குக்கரில் ஆறு விசில் வரும்வரை வேகிறது. போதாததற்கு, கிரீன்லாந்து இன்யூட் மக்களிடம் கொழுப்பு அமிலங்களைக் கையாளும் மரபணுக்களிலேயே தனி மாற்றங்கள் இருப்பதாக 2015இல் 'சயின்ஸ்' இதழ்க் கட்டுரை ஒன்று காட்டியது. பனிநாட்டுத் தட்டை அப்படியே தூக்கித் தாமிரபரணிக் கரையில் வைக்க முடியாது.

தட்டிலிருந்து இறங்கியதன் கதை இன்னும் பெரியது. முதல் வாரத்தில் குறையும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசைகளும் சேமித்துவைத்திருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்து நின்றதும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். இன்சுலின் தணிந்ததும் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியே விடும். அந்த முதல் வாரத் தலைவலிக்கு உப்புக் குறைவும் ஒரு காரணம். பிறகு கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களை உண்டாக்க, மூளையும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளப் பழகுகிறது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்குப் பரிந்துரைத்த கீட்டோஜெனிக் உணவு இந்த இயக்கத்தின் மேல் கட்டப்பட்டது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவர் மேற்பார்வையில் அது கொடுக்கப்படுகிறது.

பசி ஏன் அடங்குகிறது? ஸ்டீபன் சிம்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இரு விஞ்ஞானிகள் 2005இல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்துகிறது. உடம்பு தனக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்வரை சாப்பிடச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்பது அவர்கள் வாதம். புரதம் குறைந்த தட்டில் அந்த அளவை எட்ட நிறைய உண்ண வேண்டியிருக்கிறது. கறித்தட்டில் சீக்கிரம் எட்டிவிடுகிறது. மூன்று முறை சோறு வாங்கிய பிறகும் நாலு மணிக்கு டீயும் வடையும் தேடுவதற்கு நாக்கு மட்டும் காரணமல்ல.

ஆனால் எடை குறைய இது ஒன்றே வழியென்றும் சொல்ல முடியாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும், இரண்டு வாரம் மாவுச்சத்து குறைந்த விலங்குணவும் கொடுத்தார். 2021இல் வெளிவந்த அந்த ஆய்வில், வேண்டுமளவு சாப்பிடலாம் என்று விட்டபோது தாவர உணவில்தான் நாளொன்றுக்கு 700 கலோரிக்கு நெருக்கமாகக் குறைவாக உண்டார்கள். விலங்குணவில் ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் தணிவாக இருந்தன. இரண்டிலும் எடை குறைந்தது.

அப்படியானால் குற்றவாளி அரிசியா? தாமிரபரணிக் கரையின் மண் வேறு சாட்சி சொல்கிறது. சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று அமெரிக்க ஆய்வகக் காலக்கணிப்பு சொன்னதைத் தமிழக அரசு 2021இல் அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கரையில் நெல் இருந்திருக்கிறது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்தது நேற்று முன்தினம்தான். இடையில் மாறியவை வேறு. உலக்கைக் குத்து போய் ஆலை வந்து தவிட்டை வழித்தெடுத்தது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16 போன்ற உயர் விளைச்சல் ரகங்கள் சோற்றைத் தட்டுப்பாடில்லாத பொருளாக்கின. அது பெரிய சாதனை. ஆற்றுப்பாசனத்துக்கு வெளியே, கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்து வானம் பார்த்த பூமியில் முன்பு கம்பும் சோளமும்தான் அன்றாடம், நெல்லுச்சோறு பண்டிகைக்கு. அங்கேயும் இன்று மூன்று வேளையும் அரிசி. நாற்று நட்ட இடுப்பும் சுமை தூக்கிய தோளும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டன. தட்டின் அளவு மட்டும் பழையபடியே இருக்கிறது.

தவிட்டை வழிப்பது சின்ன மாற்றமல்ல. சென்னை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒரே ரக அரிசியை எடுத்து, தவிடு நீக்காமலும் முழுக்கத் தீட்டியும் சோதித்தார்கள். ரத்தச் சர்க்கரையை ஏற்றும் குறியீடு தவிட்டோடு 58ஐ ஒட்டியும், தீட்டிய பின் 80ஐ ஒட்டியும் இருந்தது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய கணக்கெடுப்பு நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் நூறில் 14 பேருக்கு மேல். இந்த நிலையில் உள்ள ஒருவர் ஒரே நாளில் சோறு, இட்லி, பரோட்டா, அல்வா, சர்க்கரை போட்ட காபி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கறி மட்டும் தின்றால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? பாராட்டு கறிக்குப் போகிறது; உழைத்தது விட்டுவிட்ட பண்டங்கள்.

தட்டில் ஏறியவையும் உழைத்த இடங்கள் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வைட்டமின் பி12 செடிகொடிகளில் கிடையாது. சைவச் சமையலுக்குப் பேர்போன ஊரில், பாலும் மோரும் குறைவாக எடுத்து, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் பல ஆண்டுகளாக விழுங்கும் ஒருவருக்கு பி12 தேயும். அந்த மாத்திரையே அதன் உறிஞ்சலைக் குறைக்கும். உள்ளங்கால் எரிச்சலும் மரமரப்பும் சர்க்கரையால் வந்தவை என்றே அவர் நினைத்திருப்பார். முட்டையும் மீனும் ஈரலும் தட்டுக்கு வந்த பிறகு கால் தேறினால், அது உண்மையிலேயே சேர்த்ததன் பலன். இரும்புச்சத்தும் அப்படித்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. கறியிலும் ரத்தப் பொரியலிலும் சுவரொட்டியிலும் உள்ள இரும்பு, கீரையில் உள்ளதைவிட எளிதாக உடம்பில் சேர்கிறது. பிரசவித்த பெண்ணுக்குச் சுவரொட்டி வாங்கிவந்து சுட்டுக்கொடுத்த ஆச்சிகள் இதை ஆய்வகம் இல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்கள்.

வயிற்று உப்புசம் போன கதைக்கும் விளக்கம் உண்டு. சிலருடைய குடலில் கோதுமை, பருப்பு, வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் சில சர்க்கரைகள் செரிக்காமல் புளித்து வாயுவாகின்றன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் இதற்காகவே ஓர் உணவுமுறையை வகுத்தது: சில வாரம் எல்லாவற்றையும் நிறுத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது குற்றவாளி என்று பிடி. கறி மட்டும் தின்பவர் முதல் பாதியைச் செய்கிறார். இரண்டாம் பாதியைச் செய்வதில்லை. வெங்காயம் ஒன்றுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கொய்யாவும் முருங்கைக்கீரையும் ஆயுள் முழுக்கத் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை. இறைச்சியுணவைப் பெரிதாகப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் பால் சலடினோவே, 2020இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகு, தசைப்பிடிப்பு, தூக்கக் குறைவு என்று சொல்லிப் பழத்தையும் தேனையும் தன் தட்டில் சேர்த்துக்கொண்டார்.

அனுபவங்களைத் திரட்டிப் பார்த்த முயற்சியும் நடந்திருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆறு மாதத்துக்கு மேல் இறைச்சியுணவில் இருந்த 2,029 பேரிடம் கேட்டு 2021இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானோர் மனநிறைவோடு இருந்தார்கள். உடல் எடைக் குறியீடு நடுமதிப்பில் 27.2இலிருந்து 24.3க்கு இறங்கியிருந்தது. டிரைகிளிசரைடு 68 என்று அழகாக இருந்தது. எல்டிஎல் கொலஸ்ட்ரால் 172. மேலும், ஒத்துவராமல் நடுவில் விட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். குற்றாலச் சாரலில் நனைந்து சுகமாய் வந்தவர்களிடம் மட்டும் கேட்டால், வழுக்கி விழுந்தவர் எத்தனை பேர் என்று தெரியாது.

அந்த 172இல்தான் கவலை நிற்கிறது. எல்டிஎல் எத்தனை உயரத்தில் எத்தனை ஆண்டு நிற்கிறது என்பதைப் பொறுத்து ரத்தக்குழாய்ச் சுவரில் படிவு சேர்கிறது. அது வலிக்காது, ஆறு மாத அனுபவத்தில் தெரியாது. நம் மக்களுக்கோ நேரம் குறைவு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. 40 வயதில் 10 கிலோ குறைத்து, சர்க்கரையையும் அடக்கிவிட்ட ஒருவர், எல்டிஎல் 220 என்ற அறிக்கையைப் பார்த்துவிட்டு 'இது நல்ல கொலஸ்ட்ரால் வகை' என்று யாரோ சொன்னதை நம்பி மடித்துவைத்துவிடுவது வேதனையான விஷயம். அப்பா ஐம்பதுக்குள் இதயநோயில் போனவர் என்றால், இதில் விளையாடவே கூடாது.

அதைவிட அவசரமான ஆபத்து மாத்திரைப் பெட்டியில் இருக்கிறது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அளவைக் குறைக்காமல் சோற்றை நிறுத்தினால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு உப்பும் தண்ணீரும் வெளியேறுவதால் அழுத்தம் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையை எடுப்பவருக்குச் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால், குளுக்கோமீட்டர் நல்ல எண் காட்டுகிறது என்று வீட்டிலிருந்துவிடக் கூடாது. சிறுநீரகம் பழுதுபட்டவர், யூரிக் அமிலத்தால் கால் பெருவிரல் வீங்குபவர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இந்தச் சோதனையே வேண்டாம். மற்றவர்களும் தொடங்கும் முன் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிப் பேசிவிட்டு, தொடங்கும் முன்னும் மூன்று மாதம் கழித்தும் கொலஸ்ட்ரால், கிரியாட்டினின், யூரிக் அமிலம் பார்த்துவிடுவது நல்லது.

கறி மட்டும் என்ற கடைசிப் படி வரை ஏறாமலே பலனில் பெரும்பகுதியை எடுத்துவிட முடியுமா? 18,090 பேரின் உணவுக் கணக்கை வைத்து 2022இல் 'டயபடிஸ் கேர்' இதழில் இந்திய ஆய்வாளர்கள் ஒரு விகிதத்தை எழுதினார்கள். புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர் அதிலிருந்து மீள, கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20 சதவீதம் இருக்கலாம் என்பது அவர்கள் மாதிரியின் கணக்கு. 2025இல் வந்த அடுத்த அறிக்கை, இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகச் சொன்னது. அதில் 5 சதவீதத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தை வைத்தாலே சர்க்கரை நோய் வாய்ப்பு குறைவாகத் தெரிந்தது. அந்தப் பட்டியலில் ஆட்டுக்கறி இல்லை, மீன் இருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து காலையில் வந்திறங்கும் சாளை, விலையிலும் ஒமேகா கொழுப்பிலும் வெள்ளாட்டுக்கறியைவிட நல்ல பேரம். நாலு சாளையும் ஒரு முட்டையும் கைப்பிடி முருங்கைக்கீரைப் பொரியலும் தட்டில் முதலில் விழட்டும். சோறு குழம்புக்கு மட்டும், தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும் அரிசியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடலாம்.